நியக் தாவுக்குப் பாதிச் சோறு

புனோம்பென்னுக்கு வெளியே எங்கள் தையல் ஆலையில் காலர் தைத்தவள் ரக்ஸ்மெய். சரியான வாயாடி. நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த அறையில் அவள் இருந்தால் எங்களுக்குப் பேச இடமிருக்காது. மாதவிலக்கு நின்றது, அந்த வாயும் அடங்கிப் போயிற்று.

அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். "பிள்ளை பிறக்காதுன்னு தெரிஞ்சா அவங்க வீட்ல என்னை வேணாம்னுடுவாங்கக்கா," என்று என் மடியில் விழுந்து அழுதாள்.

குறி சொல்கிறவளிடம் போனாள். ஆலை கட்டுவதற்காக ஒரு பெரிய மரத்தை வெட்டினார்களே, அதில் குடியிருந்த நியக் தா, அந்த மண்ணின் காவல் ஆவி, பசியோடு அலைகிறதாம். "உன் ரத்தத்தை அவருதான் குடிக்கிறாரு. சோத்துல பாதியை அவருக்கு வை, விட்டுடுவாரு."

வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டுமென்று ஏற்கெனவே அரைவயிறுதான் சாப்பிடுவாள் பாவி. அதிலும் பாதி, ஆலை வேலியோரத்தில் நியக் தாவுக்கென்று இருந்த சின்னக் கோயிலுக்குப் போயிற்று. விடிந்து பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்தாற்போல் இருக்கும். ஒரு பருக்கை சிந்தியிருக்காது. எறும்புகூட அந்தப் பக்கம் வராது. அவளோ நாளுக்கு நாள் தேய்ந்தாள், தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது.

ஒருநாள் தையல் கூடத்தில் மயங்கி விழுந்தாள். கண் திறக்கவில்லை. ஆனால் அந்த வாயிலிருந்து ஒரு கிழவன் குரல் வந்தது: "போதலை."

கண் விழித்ததும் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா எல்லாம் சோதித்தார். "கர்ப்பமில்ல. தைராய்டும் சரியா இருக்கு. நீ பட்டினி கிடக்குற. உன்னைக் காப்பாத்தவே உடம்புக்குத் தெம்பில்ல, பிள்ளைக்கு எங்க போகும்? அதான் கருமுட்டை விடுறதையே நிறுத்திடுச்சு. வயிறாரச் சாப்பிடு, திரும்பி வரும்."

அன்றுமுதல் எதிரே உட்கார்ந்து நானே ஊட்டினேன்.

"அவரு கோவிச்சுப்பாருக்கா."

"கோவம் வந்தா என்கிட்ட வரச் சொல்லு. வாயைத் திறடி சனியனே!"

மாதங்கள் போயின. கன்னம் பூசினாற்போல் ஆனது. ஒருநாள் காலையில் குளியலறையில் அலறினாள். பதறி ஓடினேன். கறைபட்ட துணியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள். கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

அன்று மாலை தட்டு நிறையச் சோறு போட்டுக் கொடுத்தேன். அவள் விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்தாள்.

"என்னடி பண்ற?"

"அவரு திருப்பிக் குடுத்துட்டாருல்லக்கா. நன்றி மறந்தா மறுபடியும் எடுத்துப்பாரு."

பாதிச் சோற்றை எடுத்துக்கொண்டு வேலியோரம் நடந்தாள்.