படத்துக்குப் பின்னால் இருபது கேள்விகள்

வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஒரே அறை. நாலு பெஞ்சு, ஒரு நீள மேசை, பூட்டுப் போட்ட பீரோ ஒன்று, தினமும் மூன்று பேப்பர். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து பத்து வருஷம் வரைக்கும் நான் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. பெண்கள் வரக் கூடாது என்று போர்டு ஒன்றும் கிடையாது. யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான். ரேஷன் கடைக்குப் போகும்போது சன்னல் வழியாகப் பார்த்தால், லுங்கி கட்டின ஆட்கள் பேப்பருக்குப் பின்னால் முகம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

முப்பத்து நாலு வயதில் நான் உள்ளே போனது அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்காக. அதற்கு முன்பே இரண்டு தடவை எழுதிக் கோட்டைவிட்டிருந்தேன். மூன்றாவது தடவை விண்ணப்பம் போட்டபோது, ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் கத்தவெல்லாம் இல்லை. "இந்த ஒரு தடவ எழுதிக்க. கெடைக்கலன்னா பேசாம பழையபடி ஜவுளிக்கடைக்கே போயிரு" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னதால் பயம் வந்துவிட்டது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வீடு திரும்பிய காலம் எனக்கு மறக்கவில்லை. அங்கே மறுபடி போவதில்லை என்று மனசுக்குள் சபதமே போட்டிருந்தேன்.

வீட்டில் படிக்க இடமில்லை. ஒரு பக்கம் மாமியாரின் சீரியல், இன்னொரு பக்கம் என் பிள்ளைகள் இரண்டும். போனில் படிக்கலாமே என்பீர்கள். போனைக் கையில் எடுத்ததுமே சின்னவன் என் மடியில் ஏறிக் கார்ட்டூன் கேட்பான். படிப்பகத்தில் சனிக்கிழமை பேப்பரோடு ஓர் இணைப்பு வரும். அதில் ஒரு பக்கம் முழுக்க மாதிரி வினா விடை, நூறு கேள்வி. அதைத் தயாரிக்கிற மகராசன் யாரோ, அவர் போடுகிற கேள்வி அப்படியே தேர்வில் வரும் என்று பேச்சு. அதுதான் என்னை உள்ளே இழுத்தது.

படிப்பகத்தின் செயலாளர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை வாசலில் பார்த்ததும், உள்ளே இருந்தவர்களை ஒரு நோட்டம் விட்டார். "வாத்தா, சன்னலோரமா உக்காரு. காத்து வரும்" என்றார். பஸ்ஸில் சீட்டுப் பிடித்துக் கொடுப்பது மாதிரியே இருந்தது. இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருவிலிருந்து, அப்போதுதான் காலேஜ் முடித்திருந்த ஒரு பிள்ளையும் வந்து சேர்ந்தாள். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வினா விடைப் பக்கத்துக்கு மறுபக்கம்தான் வம்பு. அந்த நடுப்பக்கத்தில் வாராவாரம் ஒரு நடிகையோ மாடலோ, துணிக்குப் பஞ்சம் வந்த மாதிரி நிற்பாள். அந்தத் தாளுக்கு ஆண்கள் மத்தியில் அடிதடிதான். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபமில்லை. அவள் வேலை அது, நின்றாள், போனாள். பார்ப்பவர்களும் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் இவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அப்படியே தாளுக்கு மேலே கண்ணைத் தூக்கி எங்களைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். கடைக்காரன் தராசில் இரண்டு பக்கமும் பார்ப்பானே, அது மாதிரி. அப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு படிக்கிற வரியையே நாலு தரம் படிப்பேன்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. ஏதோ வெளிநாட்டில் பேப்பரில் மேலாடை இல்லாத பெண் படம் போடுவார்களாம். அதை நிறுத்தச் சொல்லி அங்கே பெண்கள் கையெழுத்து இயக்கம் நடத்துகிறார்களாம். வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. 'இது தேவையா?' என்று நம்ம ஊர் பேப்பர் பெரிய எழுத்தில் கேட்டிருந்தது. கேட்டுவிட்டு, அந்தப் படத்தையே கால் பக்கத்துக்குப் போட்டிருந்தது! மார்பின் மேல் ஒரு கறுப்புப் பட்டை, அதுவும் ரிப்பன் அகலத்துக்கு. கட்டுரை பதினைந்து வரி இருந்தால் அதிகம். அடேயப்பா, பண்பாட்டின் மேல் எவ்வளவு அக்கறை!

அன்றைக்கு எல்லோருக்கும் படிக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"மாப்ள, கட்டுரைய முழுசாப் படிச்சியாடா?"

"மூணாவது தடவ படிக்கிறேன்டா. கருத்து ரொம்ப ஆழமா இருக்கு."

அப்புறம் விவாதம் தொடங்கியது. நம்ம கலாச்சாரம் என்ன ஆவது என்றார் ஒருவர். அந்தப் பொண்ணே சம்மதிச்சுத்தான நிக்குது, உனக்கென்ன நட்டம் என்றார் இன்னொருவர். உன் வீட்டுப் பொண்ணு நின்னா ஒத்துக்குவியா என்று மூன்றாமவர் எகிறினார். மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். அந்த அறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்க்கத்தான் பார்த்தார்கள், ஒருத்தரும் எங்களைக் கேட்கவில்லை. தங்கச்சி முகம் சிவந்து, பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அவள் போவதைச் செயலாளர் பார்த்தார். எழுந்து வந்து, தாளைப் பறித்து, பீரோவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். படத்தை மட்டும் நாலு பக்கமும் நேராக வெட்டி உள்ளே வைத்துப் பூட்டினார். "இனிமே இங்க பொம்பளப் பிள்ளைக கூச்சமில்லாம வரணும்யா. நடுப்பக்கம் நான் பாத்துத்தான் மேசைக்கு வரும்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நமக்காக ஒரு மனுஷன் எழுந்து நிற்கிறாரே என்று அன்றைக்கு வீட்டில் போய்க்கூடப் பெருமையாகச் சொன்னேன். தங்கச்சியையும் போய் அழைத்து வந்தேன்.

அடுத்த சனிக்கிழமைதான் உண்மை தெரிந்தது. நாங்கள் போகும் முன்பே அவர் வெட்டி வைத்துவிட்டார். வினா விடைப் பக்கத்தைத் திருப்பினால் நாற்பதாவது கேள்விக்கு அடுத்து அறுபத்தொன்று. நடுவில் சன்னல் மாதிரி ஒரு ஓட்டை. இருபது கேள்வி போயே போய்விட்டது. போன வாரத் தாளையும் தேடி எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே கதை. எப்படிக் கேட்பது? அந்த நல்ல மனுஷனிடம் வாய் வரவில்லை. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் கடைசித் தேர்வு நெருங்க நெருங்க, வாரம் இருபது கேள்வி பீரோவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை என்னால் முடியவில்லை. அறை நிறைய ஆட்கள். நான் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, வெட்டுன படத்தையெல்லாம் குடுங்க."

நான் வேறு மாதிரி கேட்டிருக்கலாம். கேள்வியைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவசரப் புத்தி, வாயில் வந்தது அதுதான். உடனே பின்பெஞ்சில் ஒருத்தன், "டேய், அக்காவுக்குப் படம் வேணுமாம்டா" என்றான். கொல்லென்று ஒரு சிரிப்பு.

"என்னத்தா பேசுற நீ?" செயலாளருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "உங்களுக்காகத்தான நான் வெட்டுறேன்!"

"எங்களுக்காக வெட்டுனீக, சரி. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? பின்னாடி என்ன இருக்குன்னு திருப்பியாச்சும் பாத்தீகளா?"

ஓட்டைத் தாளைத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. அவர் தாளை வாங்கி, நாற்பதையும் அறுபத்தொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டிக்கெட் எண்ணிக்கையில் இடிக்கும்போது கண்டக்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பீரோவைத் திறந்து, பழைய கண்டக்டர் பையை எடுத்தார். ஐந்து படமும் மடிப்புக் கலையாமல் அதில் இருந்தன. பின்பெஞ்சில் மறுபடி சிரிப்பு.

"சிரிக்காதீகடா! எழுத்து இருக்க காயிதத்த எப்புடி எரிக்கிறது? குப்பையில போட்டா தெருப்பிள்ளைக எடுக்கும். வீட்டுக்குக் கொண்டு போனா எங்க வீட்டம்மா என்னைய என்னன்னு நெனைக்கும்?" என்றார். பாவமாக இருந்தது. ஐந்தையும் வாங்கிக்கொள்ளும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்தான். நான் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. 'உங்க வீட்ல அம்மணப் படம் கேட்டுச் சண்டையாமே.' வீட்டுக்காரர் வந்தார், கை கழுவினார், சோற்றைத் தொடவில்லை. சரி, படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"என்ன படம் அது?" என்றார்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஐந்தையும் அவர் முன்னால் போட்டு, "நல்லாப் பாருங்க" என்றேன். மேலே இருந்தது அந்த வெளிநாட்டுப் பெண், கறுப்புப் பட்டையோடு. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பினார். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார்.

"தமிழ்நாட்டோட மாநில வண்ணத்துப்பூச்சி எது?"

எனக்குத் தெரியவில்லை. மயிலா குயிலா என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து விடையைப் பார்த்தார்.

"தமிழ் மறவனாம். ஏம்புள்ள, பட்டாம்பூச்சிக்குக்கூடவா பேரு வச்சிருக்காய்ங்க!"

அவ்வளவுதான். சோற்றை இழுத்து வைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த இருபதையும் என்னிடம் கேட்டுவிட்டார். ஒன்பதுதான் சொன்னேன். அன்று முதல் தினமும் மத்தியானச் சோற்றுக்கு அவர் கேள்வி, நான் விடை. ஸ்டாண்டில் மறுபடி யாரோ வாயைக் கிளறியபோது, "ஆமாப்பா, எங்க வீட்ல படம் கேட்டாதான். பின்னாடி இருபது கேள்வி இருக்கு, நீ ஒண்ணுக்குப் பதில் சொல்லு பாப்போம்" என்றாராம். அவரே சொல்லித்தான் தெரியும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் எனக்கு இனித்தது.

நானும் தங்கச்சியும் மைதாப் பசை காய்ச்சி, படங்களை முகம் கீழே இருக்கும்படி ஒரு நோட்டில் ஒட்டினோம். பசை ஈரத்தில் படம் தாளைத் தாண்டி மங்கலாகத் தெரிந்தது. அந்த வண்ணத்துப்பூச்சிக் கேள்வி சரியாகக் கறுப்புப் பட்டைக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துத் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். படிப்பகத்தில் கத்தரி அதோடு நின்றது. சனிக்கிழமை பத்து மணி வரை அந்தத் தாள் எங்கள் பெஞ்சில், அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும்.

தேர்வு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜில். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரர் தன் ஆட்டோவிலேயே கொண்டுபோய் இறக்கினார். வினாத்தாளைப் புரட்டிக்கொண்டே வந்தேன். மாநில வண்ணத்துப்பூச்சி எது? கண்ணுக்கு முன்னால் முதலில் வந்தது கறுப்புப் பட்டைதான். அதன் மேல் தமிழ் மறவன். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. கண்காணிக்க வந்த டீச்சர், "என்னம்மா, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை! ஆர்டர் வந்த அன்று மைசூர்பாகு வாங்கிக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன். தங்கச்சி சன்னலோரம் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு இப்போது இன்னும் இரண்டு பிள்ளைகள். செயலாளர் இனிப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் நின்றார்.

"எம்மகளும் நல்லாப் படிப்பாத்தா. கல்யாணத்துக்கு முந்தி இங்க ரெண்டு வாரம் வந்துச்சு. ஒரு சனிக்கிழம இந்த நடுப்பக்கத்தப் பாத்துட்டுப் பாதியில எந்திரிச்சுப் போனதுதான். அப்பறம் வரவும் இல்ல, பரிச்சையும் எழுதல. அதுனாலதான் உங்க விசயத்துல மொதல்ல படத்த வெட்டிரணும்னு நெனச்சேன்" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"படத்தப் பாத்துட்டுப் போச்சாண்ணே? இல்ல, படத்தப் பாத்தவய்ங்க அந்தப் புள்ளையத் திரும்பிப் பாத்தாய்ங்கன்னு போச்சா?"

அவர் பெஞ்சுகளைப் பார்த்தார். சன்னலோரம் இருந்த மூன்று பிள்ளைகளையும் பார்த்தார்.

"கேக்கலயேத்தா" என்றார். "இத்தன வருசத்துல நான் ஒரு நாளும் கேக்கலயே."

மைசூர்பாகை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனார். எதிர்முனையில் எடுக்கிற வரைக்கும் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

"ஏத்தா, அப்பாதான். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். ஒன்னைய ஒண்ணு கேக்கணும்" என்று அவர் சொல்வது உள்ளே எங்களுக்குக் கேட்டது. தங்கச்சி பேனாவை மூடி வைத்தாள். நான் இனிப்புப் பெட்டியோடு அவர் பேசி முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.