ஏழுமலைக்குச் சுகர் இல்லை

போன செவ்வாய்க்கிழமை சிங்கவரத்தில் ஓர் அம்மாவைத் திட்டினேன். நடுத்தெருவில், பத்துப் பேர் பார்க்க, வாய் வலிக்கத் திட்டினேன். பாதியில்தான் புரிந்தது... திட்டு வாங்க வேண்டியவள் நான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய் மனநோய்க்கு மருந்து கொடுக்கிற நர்ஸ். செஞ்சியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. என் வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். அதனால், “தெருமுனையிலயே வண்டிய நிறுத்திட்டு நடந்து வாங்க சிஸ்டர்” என்பார்கள். நடப்பேன். வெயிலையும் அவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நடப்பேன்.

ஏழுமலை வீட்டுக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஏழுமலை கல்யாணச் சமையல்காரர். முன்பு சென்னையில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்தார். அங்கேதான் அவருக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சோற்றில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு நாள் அண்டாவையே கவிழ்த்துவிட்டார். வேலை போனது. மனைவி செல்வி தன் ஊரான சிங்கவரத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாத்திரையை அடிக்கடி மறந்ததால், டாக்டர் மாதம் ஓர் ஊசி என்று மாற்றினார். இரண்டு வருஷமாக மனிதர் ஜம்மென்று இருக்கிறார். முகூர்த்த மாதத்தில் அவரைப் பிடிக்க முடியாது.

முதல் ஊசி போட்ட அன்றே பக்கத்து வீட்டு அஞ்சலை சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். “இன்னா ஊசி?”

“சுகருக்கு” என்றாள் செல்வி, பட்டென்று.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. “ஆமா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

ஒரே வார்த்தை. அதற்கு ஏழுமலை என்ன பாடுபட்டார் தெரியுமா? டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை போடமாட்டார்கள். பந்தியில் அவர் இலையில் ஜாங்கிரி விழாது. அண்டா அண்டாவாகப் பாயசம் காய்ச்சுகிறவர், ஒரு சொட்டை நாக்கில் வைக்க முடியாமல், “இனிப்பு சரியா இருக்குதா?” என்று கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு இறக்குவார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேசரி சாப்பிடுவார். இந்த ஊசி சிலருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் அவருக்குச் சர்க்கரை அளவும் நாங்கள்தான் பார்க்கிறோம். இன்றுவரை அவருக்குச் சுகர் இல்லை!

ஏன் சுகர் என்று சொன்னாள் செல்வி? சுகர் கௌரவமான நோய். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவரிடம்கூட, “எனக்கு முந்நூறு, உங்களுக்கு எவ்ளோ?” என்று பேசலாம். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட் காலியாகிவிடும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஏழுமலைக்கு ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தேன். அஞ்சலை வழிமறித்தாள்.

“சிஸ்டர், அப்பிடியே எனக்கும் ஒண்ணு போட்டுடு.”

“எது?”

“ஏழுமலைக்குப் போடுற அதே ஊசி. எனக்கும் சுகர்தானே? அவனுக்கு மாசத்துக்கு ஒண்ணு, நான் மட்டும் தெனம் ரெண்டு வேள முழுங்கணுமா? மாத்திரய நிறுத்தி மூணு வாரம் ஆவுது. நீ வருவேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்.”

குனிந்து பார்த்தேன். வலது காலில் பழந்துணிக் கட்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது முள் குத்தியதாம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். அவிழ்த்தேன். சீழ்.

அப்போதுதான் கத்த ஆரம்பித்தேன். “அறிவிருக்கா? கால் போயிடும்! அந்த ஊசி வேற, உன் நோய் வேற!”

“இன்னா வேற? சுகர்னு நீதானே சொன்ன?”

சுகர் ஊசி இல்லை என்றால், பிறகு எதற்கான ஊசி என்று கேட்பாள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது ஏழுமலையின் சமாச்சாரம். “அது... வேற மாதிரி சுகர்” என்று உளறினேன்.

“ஓ, ஆம்பளைக்கு ஒரு சுகர், பொம்பளைக்கு ஒரு சுகரா? ஊசி போட்டாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்!” கூட்டம் சேர்ந்துவிட்டது. அஞ்சலை அசையவில்லை.

கதவு திறந்தது. ஏழுமலை. பின்னால் செல்வி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். அவள் பயம் நியாயம். வெள்ளிக்கிழமை அடுத்த தெருவில் கல்யாணம். இவர்தான் சமையல். விஷயம் தெரிந்தால் யார் இவரை அடுப்பங்கரைப் பக்கம் விடுவார்கள்?

“யக்கா, எனக்குச் சுகர் இல்ல” என்றார். “அது மனசுக்குப் போடுற ஊசி. காதுல யார் யாரோ பேசுற மாதிரி கேக்கும். பயமா இருக்கும். ஊசி போட்டதுலேர்ந்து இல்ல. ஒனக்கு அது வேலைக்காவாது. மாத்திரய முழுங்கு. கால காட்டு, போ.”

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை உள்ளே இழுப்பார்கள்.

“அடப்பாவி!” என்றாள் அஞ்சலை. “எம் பொண்ணு கல்யாணத்துல ஜாங்கிரி வேணாம்னியே, அது பொய்யா?”

“பொய்தான்க்கா.”

“ரெண்டு வருசமா சக்கர இல்லாத டீ குடிச்சியே?”

“ஆமாக்கா.”

“நெசமாவே நீ பைத்தியம்தான்டா!”

அந்த வார்த்தையைச் சொன்னவர்களோடு நான் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன். அதற்குள் ஏழுமலை சிரித்துவிட்டார். பிறகு தெரு சிரித்தது. செல்வி மட்டும் அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அஞ்சலையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு கேள்வி. “ஏன் சிஸ்டர், அவன் கையால சாப்பிடலாமில்ல?”

“ரெண்டு வருசமா என்ன பண்ணிட்டிருந்தே?”

யோசித்தாள். “ஆமால்ல... சாம்பாரு நல்லாத்தான் இருந்துது.”

கால் தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். காது குத்து வைத்திருந்த ஒரு வீட்டார், “வேற ஆள் பாத்துட்டோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கல்யாண வீட்டிலும் முணுமுணுப்பு வந்திருக்கிறது. காலில் கட்டோடு அஞ்சலை அங்கே போய், “சுகர்க்காரிய பந்தியில குந்த வெப்பீங்க, அவன அடுப்பாண்ட நிக்க வெக்க மாட்டீங்களா?” என்று சண்டை போட்டிருக்கிறாள். நான் இத்தனை வருஷம் நோட்டீஸ் கொடுத்து, கூட்டம் போட்டுச் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அதுவும் சுவருக்கு மேலே தலையை நீட்டிய அதே அஞ்சலை!

ஏழுமலையிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேரை மாத்திடவா?” என்றேன். “வேணாம் சிஸ்டர். சமையல் மாஸ்டர்னு சேத்துப் போடுங்க” என்றார். போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு நானும் போனேன். வண்டியைப் பந்தல் வாசலிலேயே நிறுத்தினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஏழுமலை தானே நாக்கில் வைத்துப் பார்த்து இறக்கிய பாயசம்.

சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஊரே சொல்லவில்லை, நான் மட்டும் சொல்வேனா?