வத்தல் காயப்போட்ட நீச்சல் தொட்டி

எங்கள் தெருவில் நீச்சல் தொட்டி கட்டிய ஒரே வீடு எங்களுடையதுதான். திருப்பரங்குன்றம் போகிற சாலையை ஒட்டி வீடு, எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். மெட்ராஸில் ஏதோ ஓர் ஓட்டலில் அப்படியொன்றைப் பார்த்துவிட்டு வந்து, கொல்லைக் கிணற்றுக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார். இருபதடி நீளம், ஆளுயரத்துக்கு மேலே ஆழம். குடத்தோடு குழாயடியில் காத்துக் கிடக்கிற சனம் வந்து பார்த்து வாயைப் பிளந்தது. வீட்டில் நீச்சல் தெரிந்தவர் அவர் மட்டும்தான். எனக்கும் தெரியாது, ஐந்து வயது மகளுக்கும் தெரியாது. அதை ஒரு குறையாகவே நாங்கள் நினைக்கவில்லை.

வேப்பமரத்து இலை விழுந்து தண்ணீர் கெட்டது. வெயில் பட்டுப் பாசி வேறு. அவர் தொட்டியின் குறுக்கே மூங்கில் கழிகளைப் போட்டு, மேலே தென்னங்கிடுகு பரப்பி மூடிவிட்டார்.

“இனிமே பயமில்ல. புள்ள உள்ள விழாது,” என்றார்.

நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை பார்த்தவள் நான். காய்ந்த ஓலை எவ்வளவு கனம் தாங்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

சித்திரை மாதம். பள்ளிக்கூட லீவு. கூழ் காய்ச்சி வத்தல் போட்டேன். நீச்சல் தொட்டி கட்டிய மனிதர் மொட்டைமாடிக்குப் படி கட்டவில்லை. தரையில் போட்டால் கோழி கிளறும். கிடுகுப் பரப்போ கோழி ஏறாத இடம், நாள் முழுக்க வெயில். பழைய வேட்டியை அதன் மேல் விரித்து, கரையில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற மட்டும் வத்தல் ஊற்றினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு, எல்லா வீட்டிலும் செய்கிறதைத்தான் செய்தேன். மகள் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, “காக்கா வந்தா வெரட்டு,” என்று சொல்லிக் கரையில் உட்கார வைத்துவிட்டு, மிச்சக் கூழைக் கிண்ட அடுப்படிக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வருவாள். திருவாதவூர்ப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கொல்லைக் கிணற்றடியில் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். வேட்டி மேல் மூன்று காக்கை உட்கார்ந்து நிதானமாகத் தின்கின்றன. விரட்டுகிற சத்தம் இல்லை. மற்ற யாராயிருந்தாலும் காக்கையை விரட்டியிருப்பார்கள், நானும்தான். அவள் பிள்ளையைத் தேடினாள். கிடுகின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது.

பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது அவள் தொட்டிக்குள் போயிருந்தாள். மேலே ஓலை அசையாமல் கிடந்தது. அதன் கீழே இருட்டு. ஊர்க் கண்மாயில் நீந்திப் பழகியவள், அந்த இருட்டில் கையால் துழாவித் தேடியிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று மறுமூலையில் கிடுகைப் பொத்துக்கொண்டு ஒரு தலை வந்தது, கூடவே என் பிள்ளையைத் தூக்கிப் பிடித்த கை. இத்தனை வருடம் சாமி கும்பிட்டும் அந்த மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். தண்ணீர் வந்தது, பிறகு அழுகை வந்தது. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு அவள் கிடுகுகளை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தாள். வத்தலெல்லாம் மண்ணில் சிதறியது.

“தண்ணிய மூடி வைக்காதீக டீச்சர். தண்ணி கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தேன் பயம் இருக்கும்.”

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். “புள்ளைய அங்க யாரு விட்டது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். மறுநாளே மண்ணடித்துத் தொட்டியை மூடிவிடுவதாகச் சொன்னார்.

“மண்ணடிச்சா இந்தத் தண்ணிதேன் போகும்ணே,” என்றாள் அவள். “கெணறு இருக்கு, கம்மா இருக்கு. எம்புட்டு எடத்துல மண்ணடிப்பீக? சுத்தி வேலி போடுங்க, பூட்டு போடுங்க. புள்ள எறங்குனா வேற சோலி இல்லாத ஆளு ஒண்ணு கரையில நிக்கட்டும். அம்மாளும் மகளும் நீச்சப் பழகட்டும்.”

வேலியும் பூட்டும் ஒரே வாரத்தில் வந்தன. முப்பத்திரண்டு வயதில் நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். கரையில் நின்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள், படியில் நின்றபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விடச் சொன்னாள். விட்டேன். கரையில் அவள் ஏதோ கத்திச் சொல்வது மங்கலாகத் தெரிந்தது. ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

மேலே வந்தேன். படியில் மகள் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாள் கேட்கப் பயந்ததை அப்போதுதான் கேட்டேன்.

“அன்னைக்கு உள்ள விழுந்தப்ப அம்மாவக் கூப்பிட்டியாடா?”

“கூப்புட்டேனே,” என்றாள், தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டே. “ரெண்டு தடவ.”