நான் சொன்னதெல்லாம் நோய்

இருபத்துமூன்று வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. குரோம்பேட்டையில் ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அம்மா அவர் எதிரிலேயே அழுதாள். துக்கத்தில் அல்ல, நிம்மதியில். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவேன். யார் வந்தாலும் முகம் பார்த்துப் பேச மாட்டேன். பாவாடை நாடா இடுப்பில் பட்டால் அலறுவேன். எல்லாவற்றுக்கும் வளர்ப்பு சரியில்லை என்று பேச்சு வாங்கியே நொந்துபோனவள் அவள்.

சேலையூருக்கு ஆட்டோவில் திரும்பும்போது, "அப்போ உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல" என்றாள்.

அந்த நிம்மதியை நம்பித்தான் அடுத்த ஆண்டு மீதியையும் சொன்னேன். அவர்கள் என்னைப் பெண்ணென்று வளர்த்தார்கள். நான் ஆண். நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு அது தெரியும், சொல்லத்தான் தெரிந்திருக்கவில்லை.

அப்பா டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா உண்மையாகவே புரிந்துகொள்ளப் பார்த்தாள்.

"பாவாடை குத்துதுன்னு சொல்வியே, அதனால இப்படித் தோணுதாம்மா?"

"அது துணிம்மா. இது நான்."

மறுவாரம் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் என்னைப் பார்க்காமல் அவர்களிடம் பேசினார்.

"இவங்களுக்கு ஒரு விஷயம் மனசுல பதிஞ்சா விடமாட்டாங்க. முன்னாடி ரயில் டைம்டேபிள்னு சொன்னீங்களே? இப்ப இது."

"ரயில் எனக்குப் பிடிச்ச விஷயம் சார். நானே ஒரு ரயில்னு எப்பவும் சொன்னதில்ல" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்து, "பாருங்க, எப்படிப் பிடிச்சுக்கறாங்க" என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் என் வாய்க்கு மதிப்பில்லாமல் போயிற்று. கோபப்பட்டால் ஆட்டிசம். பேசாமல் இருந்தால் அதுவும் ஆட்டிசம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த அன்று அப்பா யாரிடமோ போனில், "அதுக்கு விவரம் பத்தாது சார், நெட்ல பாத்துட்டு உளறுது" என்றார். நான் அடுத்த அறையில் இருந்தேன். அவருக்கும் அது தெரியும். பெயர் வைத்து ஆசையாகக் கூப்பிட்ட மனிதர், அன்று முதல் என்னை 'அது' என்றுதான் சொன்னார்.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டரில் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை எனக்கு. ஒரு நாள் காலை வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. பள்ளிக்கரணையில் ஒரு மாடி அறை எடுத்தேன். வேறொரு மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். "ரெண்டும் இருக்கலாம். ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு பொய்யாயிடாது. உங்களை மாதிரி நிறைய பேரைப் பாத்திருக்கேன்" என்றார். ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தோம். குரல் உடைந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்கா என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். இதைவிட நல்ல காலம் எனக்கு வாய்த்ததில்லை.

விலாசத்தை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சேப்பங்கிழங்கு வறுவலும் ரசமும் கொண்டுவருவாள். என் முகத்தில் அரும்பிய மீசையைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்குள் அது ஒரு சமாதானம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு அவளை வழியனுப்பப் படியிறங்கினேன். அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பையன் ரொம்ப அமைதிம்மா. வூட்ல ஆள் இருக்கா இல்லியான்னே தெரியாது" என்றார்.

அம்மா நின்றாள்.

"அது என் பொண்ணுங்க. மூளையில கொஞ்சம் பிரச்சனை. பாத்துக்கங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. என்னை ஒருவரிடம் ஒப்படைக்கும் குரலில் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவின் கணவர் மேலே வந்தார். "தப்பா நெனச்சுக்காத. பசங்க இருக்கற வூடு. நாலு பேரு நாலு விதமா பேசிக்கினு இருப்பாங்க. வேற எடம் பாத்துக்கோ" என்றார். கதவில் சாய்ந்து நின்றிருந்த அக்கா என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒன்றுமே கூப்பிடவில்லை.

இப்போது பட்டறைக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறேன். பகலெல்லாம் பிரஸ் மெஷின் சத்தம். காதை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா போன் செய்கிறாள்.

"எங்கடா இருக்கே, சாப்பாடு கொண்டுவரேன்" என்றாள் சென்ற வாரம்.

'டா' என்று சொன்னது தெரிந்து சொன்னதா, வாய் தவறியதா, கேட்கத் தைரியம் வரவில்லை.

"தாம்பரம் பக்கம்தான்" என்று மட்டும் சொன்னேன். விலாசம் கொடுக்கவில்லை.