எட்டாம் வகுப்பில் நெருப்புப் பாடம்

அறிவியல் ஆசிரியர் வேலையில் காந்தத்தைக் காட்டலாம், செடியைக் காட்டலாம், நெருப்பை மட்டும் காட்டாமலே புரியவைக்க வேண்டும். 'எரிதல்' பாடம் நடத்தியவர்களுக்கு நான் சொல்வது தெரியும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வருடா வருடம் இந்தப் பாடத்தை எடுக்கிறேன். வருடா வருடம் கோபம்தான் மிச்சம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். படித்துவிட்டு என்னோடு சேர்ந்து பல்லைக் கடியுங்கள்.

தீப்பெட்டி

எரிவதற்குக் காற்று வேண்டும் என்பதைக் காட்ட ஒரு மெழுகுவர்த்தி போதும். கொளுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் மெல்லச் சுருங்கி அணைந்துவிடும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறையக் குறைய அதற்கு மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். டம்ளர், மெழுகுவர்த்தி எல்லாம் வீட்டிலிருந்து எடுத்துப் போனேன். குச்சியை உரசியதுதான் தாமதம், வராண்டாவில் போய்க்கொண்டிருந்த தலைமை ஆசிரியை உள்ளே வந்து, தீப்பெட்டியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மேடம், இது பாடத்துலயே இருக்கற சோதனை" என்று புத்தகத்தை நீட்டினேன். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துவிட்டு வருகிறவர்கள் என்று சொல்லவும் வாயெடுத்தேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்.

"படம்தான் போட்டிருக்காங்களே, அதையே போர்டுல வரைஞ்சிடுங்க. படம் பத்திக்காது."

தொப்பி கொடுத்தவர்

பாதுகாப்பு வாரம் என்று ஒரு தொழிற்சாலையிலிருந்து அதிகாரி வந்தார். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். நம் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? எல்லாருக்கும் ஒரு தொப்பி கொடுத்துவிட்டுப் பேசினார். நன்றாகவே பேசினார். தேவையான காற்று கிடைத்து முழுமையாக எரிந்தால் நீலச் சுடர், புகை இருக்காது. காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் மஞ்சள் சுடர், கரி, கரும்புகை. என் பாடத்தையே அவர் நடத்துகிறார் என்று எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். என் வகுப்பு நிஷா எழுந்தாள். அவள் தம்பிக்கு மூச்சிரைப்பு. அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதிலேயே அவளுக்குப் பாதி வருகைப்பதிவு போய்விடும்.

"சார், உங்க கம்பெனில ஒசரமா நிக்கற கொழா மேல நெருப்பு எரியுதுல்ல, அதுல கருப்பா பொக வந்துகினே கீது. அப்போ அது அரைகொறையா எரியுதா?"

எல்லாப் பிள்ளைகளும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"அது புகை இல்லம்மா, நீராவி."

"நீராவி கருப்பா இருக்குமா சார்?"

தலைமை ஆசிரியை என்னை முறைத்தார், நான்தான் சொல்லிக்கொடுத்து எழுப்பிவிட்டேன் என்பதுபோல. சத்தியமாக இல்லை, இருந்திருந்தால் பெருமையோடு ஒப்புக்கொண்டிருப்பேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மைக்கை வைத்தார்.

"சிலபஸ்ல இருக்கறத மட்டும் கேளும்மா."

பத்திரம்

மதிய உணவு நேரம். சாம்பாருக்குத் தாளிக்கக் கடாயில் எண்ணெயை வைத்துவிட்டு, சமையல்கார அம்மா கீரை அலசப் போயிருக்கிறார். சூடு ஏறி ஏறி எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது. சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொள்ள நின்றிருந்த நான் உள்ளே ஓடினேன். அதற்குள் உதவியாள் கனகா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டார். "ஊத்தாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வாளி கீழே விழுந்தது. எரிகிற எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் அது கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகி, நெருப்போடு எண்ணெயை வாரி இறைக்கும். வாசலில் தட்டோடு பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் தீயணைக்கும் சிலிண்டரை எடுக்க அலுவலகத்துக்கு ஓடினார். நான் கேஸை மூடி, பெரிய தட்டு ஒன்றைக் கரண்டியால் தள்ளித் தள்ளிக் கடாயை மூடினேன். காற்று போகாமல் நெருப்பு அடங்கியது. என் முழங்கையில் கொப்புளம் வந்ததை அப்புறம்தான் பார்த்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் வெறுங்கையோடு திரும்பினார். சிலிண்டர் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி கிளார்க்கிடம் இருந்தது. கிளார்க் டீக்கடையில் இருந்தார். வந்ததும் என் கையைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"வெளிய வெச்சா யாராச்சும் தூக்கினு போயிடுவாங்கன்னுதான் டீச்சர், பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன்."

ஜன்னல்

விடாமல் மழை பெய்த ஒரு வாரம். ரெஹானா பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடந்தாள். தலைவலி, குமட்டல். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை.

"வூட்ல எல்லாருக்கும் தலவலிதான் டீச்சர். பாப்பா காலைலேருந்து எந்திரிக்கவே இல்ல."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்றால் வீட்டுக் காற்றில்தான் ஏதோ இருக்கிறது. அடுப்பு என்ன என்று கேட்டேன். கேஸ் தீர்ந்து கரியடுப்பு. ஈரத்துணி காயட்டும் என்று அறைக்குள்ளேயே வைத்து, சாரலுக்குக் கதவையும் சாத்தியிருக்கிறார்கள். அவளை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஒரே அறை. அவள் அம்மா படுத்துக் கிடந்தார். புகை இல்லை, நாற்றம் இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு அதெல்லாம் கிடையாது, காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து அது சத்தமில்லாமல் வரும். ஜன்னலைத் தள்ளினேன், அசையவில்லை. வெளிப்பக்கம் ஆணி அடித்திருந்தது. கதவை முழுக்கத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்தேன். குழந்தையின் தலை என் தோளில் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு சாயங்காலம் அது வீறிட்டு அழுதபோதுதான் நான் உட்கார்ந்தேன்.

மறுநாள் மறுபடி போனேன். ஜன்னலில் துணி காயப்போட்டால் வீட்டின் முகப்பு கெடுகிறதாம். அதற்காக வீட்டுக்காரர் அடித்த ஆணி. ரெஹானாவின் வாப்பா, காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயந்து நின்றார். "நீங்க தொடவேணாம் பாய், சுத்தியலை மட்டும் குடுங்க" என்று வாங்கி, ஒவ்வொரு ஆணியாக நானே பிடுங்கினேன். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை செத்திருக்கும் என்றேன். அவர் கண் ஜன்னல் சட்டத்தில் விழுந்த கீறலிலேயே இருந்தது.

"பாடம் எடுக்கறத ஸ்கூலோட வெச்சிக்கம்மா. என் வூட்டு ஜன்னலுக்கு இன்னாத்துக்கு நீ கிளாஸ் எடுக்கற?"

ஆக, நெருப்பு எரிய எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதைச் சொல்லிக்கொடுக்கிற நம்முடைய வயிறு எரிவதற்கு மட்டும் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தேவைப்படுவதில்லை.