எஞ்சின் பெட்டி

ரம்புக்கனையிலிருந்து காலையில் கொழும்புக்குப் புறப்படும் ரயிலை எல்லோரும் பவர் செட் என்றுதான் சொல்வோம். அதற்கு முன்னால் தனி எஞ்சின் கிடையாது. ஒரு பெட்டியைப் பாதியாக அடைத்து அதற்குள்ளேயே டீசல் எஞ்சினை வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் ஆட்கள் உட்காரலாம். அதாவது, உட்காரலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். சூடு, எண்ணெய் நாற்றம், பல் ஆடும் அதிர்வு. பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும். வேறு இடம் இருந்தால் ஒருவரும் அங்கே ஏறமாட்டார்கள், தோட்டத்து ஆட்களைத் தவிர.

எங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைத் தேடிப் போய் ஏறினார்கள். ரயிலில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. மற்றப் பெட்டிகளில் தமிழ்ச் சத்தம் கேட்டால் நாலு தலை திரும்பும், மேலே இருக்கும் பை யாருடையது என்று கேள்வி வரும். எஞ்சின் பெட்டியில் எந்த மொழியில் கத்தினாலும் இரைச்சலோடு போய்விடும். ரப்பர் மலையில் மரத்துக்கு மரம் கூவிப் பேசிப் பழகிய எங்கள் பெண்களுக்கு மெதுவாகப் பேசவும் வராது. ஆகவே நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருக்கப் போகிறவர்கள், கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்குமாவது அங்கே வாய்விட்டுப் பேசிக்கொண்டு போனார்கள்.

நான் அங்கே ஏறுவதில்லை. புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எனக்கு ஸ்டோர் வேலை. சீசன் டிக்கட் வைத்திருந்தேன். மூன்றாவது பெட்டியில் எனக்கென்று கைலேஞ்சி போட்டுப் பிடித்து வைத்த ஜன்னலோர இடம் இருந்தது. தினமும் மடியில் பேக்கை வைத்து அதன்மேல் ஓமி சீட்டு விளையாடும் மூன்று பேருக்கு நான் நாலாவது கை. அவர்களில் மூத்தவர் ஒரு கந்தோரில் க்ளார்க். சிங்களத்தில் அண்ணன் தம்பி முறையாக நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை மல்லி என்பார். நான் தமிழனா என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேகாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை. சோதனைக்கு இறங்கச் சொன்னால் மட்டும், தமிழர் அட்டைகளில் மட்டும் இருக்கிற மாதிரி தமிழிலும் எழுதியிருந்த என் அடையாள அட்டையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவேன். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்தது. கொழும்புக் கண் ஆஸ்பத்திரியில் க்ளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டிப் போக என்னைவிட்டால் ஆள் இல்லை. கடையில் லீவு சொல்லிவிட்டு, விடியும் முன்னே தோட்டத்து லயத்திலிருந்து கைபிடித்து நடத்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். அவளை எஞ்சின் பெட்டியில் ஏற்றி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய நன்மைக்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொல்காவலையில் அய்யே என்னைத் தேடிக்கொண்டு பிளாட்பாரம் வழியாக வந்துவிட்டார். "மல்லி, நாலாவது கை இல்லாம எப்படி ஆடுறது?" என்று சிங்களத்தில் கேட்டபடி ஏறினார். அதற்குள் ரயில் நகர்ந்தது. இறங்க முடியாமல் என் தலைக்குமேல் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு அவர் நிற்பது தெரியவில்லை. அவள் பாட்டுக்கு என் பக்கம் திரும்பிக் கத்திப் பேசிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலவ்வ தாண்டி நடு வயலில் எஞ்சின் நின்றுபோனது. பவர் செட்டுக்கு அது புதிதில்லை. ஆனால் அந்த இரைச்சல் ஒரே அடியாய் அறுந்தபோது அம்மா பாதிப் பேச்சில் இருந்தாள்.

"வெறும் வயித்தோட வந்திருக்கியே தம்பி, இந்த ரொட்டியாச்சும் தின்னுடா!"

பெட்டி முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது. ரொட்டிப் பொட்டலம் என் முகத்துக்கு நேரே நீட்டியபடி இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்றத் தோட்டத்து ஆட்கள் குனிந்துகொண்டார்கள்.

"உனக்குத் தெரிஞ்சவங்களா மல்லி?" என்று அய்யே கேட்டார்.

"இல்ல அய்யே. யாருன்னே தெரியாது," என்றேன், சுத்தமான சிங்களத்தில்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரக்காப்பொல சந்தையில் பேரம் பேசியே வயசானவள். கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னைவிட நல்ல சிங்களத்தில் சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க மாத்தயா. கண்ணு தெரியாது. என் மகன்னு நெனச்சிட்டேன்."

பெற்றவள் என்னை ஐயா என்கிற மாதிரி மாத்தயா என்றாள். அரை மணி நேரம் கழித்து எஞ்சின் உறுமியது. அதன்பிறகு கோட்டை வரைக்கும் அவள் பேசவில்லை.

கோட்டையில் அய்யே குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "எங்க போகணும் அம்மே?" என்று கேட்டு இறக்கி, பாலத்தில் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனார். "நீ போ மல்லி, கடைக்கு நேரமாகுது," என்று என்னிடம் சொன்னார். என் தாயை அவர் நடத்திக்கொண்டு போக, நான் பத்தடி பின்னால் களவாணி மாதிரி நடந்தேன். அவர் அவளை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுப் போனதும் பின் கதவால் தொற்றி ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா என் முழங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏறிட்டியா தம்பி?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது.

அடுத்த மாத க்ளினிக்குக்குப் புறப்படும்போது அடுப்படியிலேயே ரொட்டியையும் சம்பலையும் எடுத்து வைத்தாள். "இங்கேயே தின்னுட்டு வா. கோச்சில ஏத்திவிட்டா போதும், பக்கத்து லயத்துக்காரி கூட இருந்துக்குறேன். நீ ஒன் சிநேகிதங்க கிட்ட போ," என்றாள். நான் போனேன். அன்றைக்கு எனக்கு நல்ல சீட்டுகளாக விழுந்தன.

பிறகு ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன் நடந்தது. சத்தம் குறைந்த புது செட்டுகள் வந்தன. அம்மா ரயிலில் என்னோடு பேசவே இல்லை.

யுத்தம் முடிந்த வருடம் அய்யே பென்ஷனில் போனார். கடைசி நாள் மூன்றாவது பெட்டியில் கேக் வெட்டினோம். பாட்டு, கைதட்டல் எல்லாம் முடிந்து கோட்டையில் இறங்கும்போது என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

"மல்லி, கேக்கணும்னே இருந்தேன்," என்றார். "அம்மாவோட கண்ணு இப்ப எப்படி?"

பன்னிரண்டு, பதின்மூன்று வருடம். தினமும் எதிரே உட்கார்ந்து சீட்டுப் போட்ட மனிதன். தெரிந்துகொண்டேதான் கையைப் பிடித்து நடத்தியிருக்கிறார், தெரிந்துகொண்டேதான் என்னைக் கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவர்மேல் கோபம் வந்தது. அதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"இப்ப நல்லா தெரியுது அய்யே," என்றேன்.

அம்மாவைப் புதைத்து எட்டு மாதமாகியிருந்தது.