ஒரு ஆள் தூக்கும் ட்ரெய்லர்

சாப்பாட்டுத் தட்டு வாங்கப் போய் ரப்பர் படகோடு திரும்பி வந்தவள் இந்தக் கண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தெல்தெனியப் பக்கம் ஒரு சின்ன விருந்தினர் விடுதியை மூடுகிறார்கள், சாமான்களை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தட்டுகளை எனக்கு முன்னாலேயே யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பின்பக்கக் கொட்டிலில் சாம்பல் நிறத்தில் ஒரு காற்றடிக்கும் படகு கிடந்தது. ஒன்பதடி நீளம். இரண்டு துடுப்பு, இரண்டு மிதவை அங்கி. "ரெண்டு பேர் தாராளமா உட்காரலாம்" என்றார் விடுதிக்காரர். அந்த 'ரெண்டு பேர்' என்ற பேச்சில்தான் நான் விழுந்தேன்.

காரணம், வீட்டில் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தது. என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். அளவு நாடா இல்லாமல் கடைக்குக்கூடப் போகாத மனிதர். இருதயத்தில் ஒரு சின்ன ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே முடிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், வெளியே போகச் சொன்னார், சிரிக்கக்கூடச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தவர்தான். எட்டு மாதம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அவர்களோடு போனில் பேசும்போதும் "அப்பா நல்லா இருக்கேன்" என்று கதிரையிலிருந்தே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தபால் கந்தோர் கவுண்டரில் முப்பது வருஷம் நின்றவள் நான். ஒரு ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுமை கிடையாது.

காற்றை இறக்கிச் சுருட்டிய படகைக் காரின் பின் சீட்டில் திணித்துக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"தட்டு எங்க?"

"முடிஞ்சுபோச்சு."

"இது என்ன?"

"படகு."

"இதுலதான் இனிமே சோறு போடப்போறியா?"

எட்டு மாதத்தில் அவர் அடித்த முதல் பகிடி அது. படகுக்குக் கொடுத்த காசு அந்த நிமிஷமே வசூலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படகை விடுவதற்கு இடமும் இருந்தது. அவரோடு வேலை செய்த ஒருவர் தெல்தெனியவில் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காணியில் இருக்கிறார். படகு விட அனுமதிக் கடிதமும் வைத்திருக்கிறார். "தாராளமா வாங்க, ஆனா படகை மட்டும் இங்க விட்டுட்டுப் போகாதீங்க, முள்ளம்பன்றி வந்து கடிச்சு வச்சா நான் பொறுப்பில்ல" என்றார். நியாயமான பேச்சு. ஒவ்வொரு முறையும் காற்றடித்துக்கொண்டு போகலாம் என்றால், மிதிக்கிற பம்பு என் முழங்காலுக்கும் ஆகாது, இவர் நெஞ்சுக்கும் ஆகாது. மடித்து மடித்து விரித்தால் ஒட்டு விட்டுப்போகும் என்று விடுதிக்காரரும் சொல்லியிருந்தார். ஆகக் காற்றோடு வீட்டில் வைத்து, காற்றோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒரு ட்ரெய்லர் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். எங்கள் வீடு மலையை வெட்டியெடுத்த இடத்தில் நிற்கிறது. முன்னால் கார் நிற்கும் அளவுக்குத்தான் இடம். பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடி முற்றம், அதற்குப் பின்னால் அணைச்சுவர். காலை வெயில் விழுகிற ஒரே இடம் அந்த முற்றம். துணி காய்வது அங்கே, மிளகாய் காய்வது அங்கே, தைப்பொங்கலுக்குக் கிழக்குப் பார்த்து அடுப்பு மூட்டுவதும் அங்கே. அதில் ஒரு ட்ரெய்லரைக் கொண்டுவந்து கிடத்தினால் நானும் பொங்கல் பானையும் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

"முற்றமும் வேணும், படகும் வேணும். உங்களால ஒரு வழி சொல்ல முடியுமா முடியாதா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது கதிரை காலியாக இருந்தது. முற்றத்தில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள வழி ஐந்தடி, படகின் அகலம் நாலரை என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார். பிறகு மறுபடியும் போய், கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயை விட்டுவிட்டதாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். குழாயைக் கழித்தும் ஒரு கை நுழைய இடம் இருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு காலில் சக்கரம் கட்டிக்கொண்டாற்போல அலைந்தோம். கார் ஓட்டுவது எப்போதும் நான்தான். அவர் பக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்திருப்பார். முதலில் போனில் பார்த்த வெளிநாட்டு ட்ரெய்லர் ஒன்று. நடுவில் மடிந்து சூட்கேஸ் அளவுக்கு ஆகிவிடும். "மடியுது சரி, அந்தக் கீல் உடைஞ்சா எந்த நாட்டுக்குப் போய் வாங்குறது?" என்று அதை ஒதுக்கினார். பேராதனைப் பக்கம் ஒருவர் பழைய ட்ரெய்லர் விற்றார். பார்க்க லட்சணமாக இருந்தது. இழுக்கிற கம்பு மட்டும் நாலடி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. "மடக்க முடியாதா?" என்று இவர் கேட்டார். "ஏன் மடக்கணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மலைச்சரிவில் வீடு கட்டாத மனிதர் என்று புரிந்தது.

புசல்லாவையிலும் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அது மரக்கறி மூட்டை ஏற்றுகிற ட்ரெய்லர். எங்கள் படகைப் போல மூன்று படகுக்கு இடம் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டோம். கடை மேட்டில் இருந்தது. இருபது படி. நிறுத்தி நிறுத்தி ஏறினார், ஆனால் ஏறினார். கீழே தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு ரொட்டி சொல்லு" என்றார். ட்ரெய்லர் கிடைக்காவிட்டால் போகிறது, இப்படியே தேடிக்கொண்டு இருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

கடைசியில் வாங்குவதற்குப் பதில் செய்வது என்று முடிவாயிற்று. கெலிஓயாவில் ஒரு வெல்டிங் கராஜ். முதலாளியும் வேலையாளும் ஒருவரே, கெலிஓயாவிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். இவர் படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். முன்கம்பு ஆணியைக் கழற்றினால் அடியில் மடிந்துவிடும். பின்னால் இரண்டு சின்ன உருளை. முன்பக்கத்தைப் பிடித்து உயர்த்தினால் ட்ரெய்லர் படகோடு சேர்ந்து வாலில் நிமிர்ந்து நிற்கும்; அப்படியே தள்ளி அணைச்சுவரில் சாத்திக் கட்டிவிடலாம். முற்றத்தில் இரண்டடிதான் போகும். பொங்கல் பானை தப்பியது. நான் கைதட்டினேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வாரத்துக்கு ஒரு மாற்றம். சக்கரத்தின் அச்சை மூன்று அங்குலம் பின்னால் தள்ள வேண்டுமாம். அடுத்த வாரம் ஒரு அங்குலம் முன்னால். கனமான இரும்பு வேண்டாம், மெல்லிய குழாய் போதுமாம். வீட்டில் வேறு கூத்து. பாதி காலியான அரிசி மூட்டையைக் காட்டி, "இதைக் கொஞ்சம் தூக்கிப் பாரு" என்பார். இன்னொரு நாள் வாளித் தண்ணீர். இன்னொரு நாள் வெறும் காஸ் சிலிண்டர்.

"முதுகு வலிக்குதா?" என்று கேட்பார்.

"தூக்கச் சொல்லிட்டுக் கேள்வி வேற."

ஒருநாள் அணைச்சுவரோரம் என்னை நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார். துணிக்கொடி கட்டத்தான் என்று நானும் பேசாமல் நின்றேன். மனிதருக்குச் சோம்பல் முற்றிவிட்டது, வீட்டு வேலையை எல்லாம் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் போயிற்று. படகு விறாந்தையை அடைத்துக்கொண்டு கிடந்தது; நாங்கள் பக்கவாட்டில் நடந்து போய்வந்தோம். எனக்குச் சந்தேகம் வந்தது. இவருக்குப் படகில் ஏற மனமில்லை. ட்ரெய்லர் முடிந்தால் ஏற வேண்டும். அதனால்தான் முடியவிடாமல் அங்குலம் அங்குலமாக இழுக்கிறார். அப்படியானால் இந்த அலைச்சல் எல்லாம் முடிந்ததும் மறுபடியும் அந்தக் கதிரைதானா? எனக்கு ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு காலையில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே கெலிஓயாவுக்குக் காரை விட்டேன்.

ட்ரெய்லர் சிவப்புப் பெயின்ட் பூசி முடிந்து நின்றது. போன கிழமையே முடிந்துவிட்டதாம்.

"பின்ன ஏன் சொல்லல?" என்று பாய்ந்தேன்.

"ஐயாதான் மிஸ், இன்னொருக்கா நிறுத்துப் பாக்கோணும்ண்டு சொன்னாரு" என்றார் கராஜ்காரர். "நா செஞ்ச வேலைலயே இது மாதிரி ஒண்டு செஞ்சதில்ல. இங்க வாங்க, நீங்களே தூக்கிப் பாருங்களே."

முன்பக்கத்தில் நடுவாக ஒரே ஒரு கைப்பிடி. என் முழங்கை உயரத்துக்குச் சரியாக இருந்தது. பிடித்து உயர்த்தினேன். வாளித் தண்ணீர் தூக்குவது போலத்தான் இருந்தது. பாதிக்கு மேல் தானாகவே நிமிர்ந்துகொண்டது.

"பாத்தீங்களா? ஐயா வேற ஒண்டும் கேக்கல்ல. 'மிஸிஸ் தனிய தூக்கோணும், தனிய இறக்கோணும், தனிய கார்ல கொளுவோணும். யாரையும் உதவிக்குக் கூப்புடத் தேவப்படக் கூடாது.' இதத்தான் வார நேரமெல்லாம் சொல்லிட்டுப் போவாரு."

கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றேன். அரிசி மூட்டை, வாளி, காஸ் சிலிண்டர், சுவரில் பென்சில் கோடு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நான் இரண்டு பேருக்கென்று படகு வாங்கினேன். இந்த மனிதர் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு ஆளுக்கு ட்ரெய்லர் செய்திருக்கிறார். அந்த ஒரு ஆள் அவர் இல்லை.

அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்து அழுதேன். பாவம், கராஜ்காரர் பதறிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார். "பிழை ஏதும் ஈக்கிதா மிஸ்? சொல்லுங்க, திருத்தித் தாரன்."

"ஒரு ஆள் தூக்கலாம். அதுதான் பிழை" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "அந்த நடுக் கைப்பிடியை வெட்டுங்க. இந்த ஓரத்துல ஒன்னு, அந்த ஓரத்துல ஒன்னு வைங்க."

"அப்ப ஒராளுக்குத் தூக்க ஏலாதே மிஸ். நடுவுல ஈக்கிறதும் ஈக்கட்டுமே?"

"வேணாம். வெட்டுங்க."

அவர் என்னையும் ட்ரெய்லரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் வெளியே போய் டாக்டருக்குப் போன் போட்டேன். ஆளுக்குப் பாதி வாளித் தண்ணீர் அளவு பாரம்தானே, தாராளமாகத் தூக்கலாம், தூக்கட்டும் என்றார் டாக்டர். கைப்பிடி வெட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ட்ரெய்லர் சின்ன லொறியில் வீட்டுக்கு வந்தது. லொறியில் வந்தவர்கள் விறாந்தையில் கிடந்த படகை அதில் ஏற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். என் கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் வந்ததும் நின்றார். சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தார். அதுதான் அவர், வீடு இடிந்து விழுந்தாலும் முதலில் அளந்து பார்ப்பார்.

"நாலடி ரெண்டு அங்குலம்" என்றார். "கையை விரிச்சு எட்டினாலும் ஒரு ஆளால தூக்க முடியாதே."

"முடியாது."

"நீ போனியா அங்க?"

"போனேன்."

நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டி முடிந்தும் சுருட்டினார். "எனக்கு ஏதும் ஒன்னு ஆச்சுன்னா நீயும் அந்தக் கதிரையில போய் உட்கார்ந்துருவே. நான் உட்கார்ந்த மாதிரி. அப்படி ஆகக் கூடாதுன்னுதான்."

இவ்வளவு நாளும் அந்தக் கதிரையைப் பார்த்துப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"அப்படி ஒரு நாள் வந்தா, கெலிஓயாவுக்குப் போய் நடுவுல ஒன்னு ஒட்டிக்கிட்டு வாரேன்" என்றேன். "இப்ப நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கினோம். சிவப்பு ட்ரெய்லர் படகோடு நிமிர்ந்து அணைச்சுவரில் போய்ச் சாய்ந்தது. முற்றத்தில் மிச்ச இடம் முழுக்க வெயில் கிடந்தது. ட்ரெய்லரின் பதிவு வேலைக்கு அடுத்த வாரம் அவரே கச்சேரி அலுவலகத்துக்கு நடந்து போய் வந்தார்.

படகிலும் ஏறினார். முதல் நாள் கரையிலுள்ள மரத்தில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறினார். கயிற்றின் நீளத்தையும் அளந்தார். மூன்றாம் முறை கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார். துடுப்புப் போடுவது நான். நேராகப் போகவில்லை என்று குறை சொல்வது அவர்.

இன்றைக்கும் சனிக்கிழமையானால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். அவர் ஜன்னலோரம் பேப்பரை விரித்திருப்பார். படகை இறக்க வேண்டும் என்று நான் முற்றத்திலிருந்து சத்தம் போடுவேன்.

"நீயே இறக்கு. நான் இப்பதான் பேப்பரை எடுத்தேன்."

"ஒரு ஆளால முடியாதுங்க."

அது பொய்யில்லை என்று அவருக்கும் தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கதிரையிலிருந்து எழுந்து வருவார்.